2028 ஹெமிஸ் திருவிழாவுக்கு முன்பதிவு தொடங்கியிருப்போருக்கு ஒரு திறந்த மடல்

தமிழகத்திலிருந்து லடாக்கிற்குக் குழுக்களை அழைத்துவரும் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கும், ஒளிப்படப் பயணங்களை நடத்துவோருக்கும்,

2028-ஆம் ஆண்டு லடாக்கின் ஹெமிஸ் பௌத்த மடத்தில் நடக்கவிருக்கும் திருவிழாவுக்கு உங்களில் சிலர் சேர்ந்து இப்போதே முன்பதிவு தொடங்கியிருக்கிறீர்கள். அந்த அறிவிப்பு என் கைபேசிக்கும் வந்து சேர்ந்தது. முற்றத்தின் முதல் வரிசையில் இடம், விடியற்காலையில் துறவிகள் முகமூடி அணியும் அறைக்குள் சென்று படமெடுக்கும் வாய்ப்பு, விழா முடிந்த மறுநாள் உங்கள் குழுவுக்கென்றே அரை மணி நேரத் தனி நடனம் என்று மூன்று உறுதிமொழிகள் அதில் தடித்த எழுத்தில் இருந்தன. இவற்றுக்கு மடம் இசைந்ததாக ஒரு வரிகூட அதில் இல்லை. தொகை மட்டும் இருந்தது. வேலை நிமித்தமாக லே நகரில் குடியிருந்து, இந்த விழாவுக்கு இங்குள்ள அண்டை வீட்டாரோடு சென்று வருகிறவன் என்ற முறையில், இந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

2028-ஐ நீங்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. திபெத்திய நாட்காட்டியின்படி அது குரங்கு ஆண்டு. திபெத்தில் பௌத்தத்தை ஊன்றிய குருவாக வணங்கப்படும் பத்மசம்பவர் பிறந்தது குரங்கு ஆண்டில் என்பது இம்மக்களின் நம்பிக்கை. ஹெமிஸ் மடம் தன்னிடமுள்ள மிகப் பெரிய பட்டுத் தங்காவை, அதாவது தெய்வ உருவம் தாங்கிய தொங்குதிரையை, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, அந்த ஆண்டில்தான் விரித்துக் காட்டுகிறது. 2004-இல் விரித்தார்கள், அடுத்து 2016-இல் விரித்தார்கள். ஒரு லடாக்கியின் வாழ்நாளில் அது ஐந்தாறு முறை வாய்த்தாலே பெரிது. நுப்ரா, சாங்தாங், ஜன்ஸ்கார் பகுதிகளிலிருந்து முதியவர்கள் மலைக்கணவாய்களைத் தாண்டி வந்து, தொங்கும் அந்தப் பட்டின் கீழ் ஓரத்தை நெற்றியில் ஒற்றிக்கொள்ள வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசைக்கு முன்னால் உங்கள் முதல் வரிசை எங்கே அமையப்போகிறது என்பதுதான் என் முதல் கேள்வி.

ஹெமிஸ் மடம் லேயிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் தொலைவில், காரு என்னும் ஊரில் சிந்து நதியைக் கடந்து மேலேறும் ஒரு பள்ளத்தாக்கின் மடிப்புக்குள் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் மன்னர் செங்கே நம்கியாலின் ஆதரவோடு தக்சங் ரஸ்பா என்ற துறவி அதை எழுப்பினார். திபெத்திய பௌத்தத்தின் துருக்பா மரபைச் சேர்ந்த அம்மடத்தின் திருவிழா, திபெத்திய ஐந்தாம் மாதத்தின் பத்தாம், பதினோராம் நாட்களில், அதாவது நம் ஜூன் அல்லது ஜூலையில் நடக்கிறது. பெரும்பாலான மடங்களின் விழாக்கள் கடுங்குளிர்காலத்தில் நடக்க, ஹெமிஸ் விழா கோடையில், சாலைகள் திறந்திருக்கும் பருவத்தில் வருகிறது. வெளியூர்க் கூட்டம் இங்கே குவிவதற்கு அதுவே முதற்காரணம்.

முற்றத்தில் நடக்கும் சாம் என்னும் முகமூடி நடனத்தை உங்கள் அறிவிப்பு 'கண்கவர் நாட்டுப்புறக் கலை நிகழ்ச்சி' என்கிறது. அது கலை நிகழ்ச்சி அன்று, பூசை. விழாவுக்கு முந்தைய நாட்களில் துறவிகள் மடத்தின் உள்மண்டபத்தில் நாள்கணக்கில் ஓதி, வாற்கோதுமை மாவிலும் வெண்ணெயிலும் தோர்மா என்னும் படையல் உருவங்களைச் செய்து, தெய்வங்களை வரவழைக்கிறார்கள். ஆடுகிறவர், தான் அணிந்திருக்கும் முகத்துக்குரிய தெய்வமாகவே தன்னைத் தியானித்தபடி ஆட வேண்டும் என்பது விதி. ஒவ்வோர் அடியும், ஒவ்வொரு கை முத்திரையும் ஓதப்படும் பாடத்தோடு பொருந்தியது. உங்கள் விருந்தினர்கள் 'மெதுவாக இருக்கிறது, அலுப்பாக இருக்கிறது' என்று சொல்லி நடுவில் எழுந்து போகிறார்கள். அந்த மெதுமைக்கு இதுதான் காரணம் என்று ஒருவராவது அவர்களிடம் சொன்னதுண்டா?

பத்மசம்பவரின் எட்டு வடிவங்களும் முற்றத்துக்கு வரும்போது, பொன்னிற முகத்தோடு குடையின் கீழ் நடந்துவரும் குருவை நோக்கிக் கூட்டம் தலைகுனிகிறது. அகன்ற விளிம்புள்ள கருந்தொப்பியும் நீண்ட கைகளுள்ள பட்டு அங்கியும் அணிந்து ஆடும் கருந்தொப்பி நடனத்துக்கு ஒரு வரலாறு சொல்வார்கள். பௌத்தத்தை ஒடுக்கிய திபெத்திய மன்னன் லாங்தர்மாவை 842-இல் லாலுங் பெல்கி டோர்ஜே என்ற துறவி, அத்தகைய அங்கியின் கைக்குள் வில்லையும் அம்பையும் மறைத்துக்கொண்டு சென்று வீழ்த்தினார் என்பது மரபு. விழா முடிவை நெருங்கும்போது மாவால் செய்த ஓர் உருவத்தை வெட்டிச் சிதைக்கிறார்கள். அது மனிதனின் அகந்தையையும் அறியாமையையும் அறுப்பதன் அடையாளம். துங்சென் என்னும் நீளக் கொம்புகள் முழங்க, அந்த நேரத்தில் முற்றத்திலுள்ள லடாக்கிகள் யாரும் பேசுவதில்லை. சென்ற முறை அந்த நேரத்தில் கேட்டது ஒரு தமிழ்க் குரல்: 'அண்ணே, கொஞ்சம் தள்ளுங்க, கத்தி ஃப்ரேமுக்குள்ள வரல.'

என் அண்டை வீட்டு அபி-லே, அதாவது பாட்டி, ஆண்டுதோறும் ஹெமிஸுக்குப் போகிறவர். அந்த அச்சமூட்டும் முகங்களை ஏன் இத்தனை நேரம் உட்கார்ந்து பார்க்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டிருக்கிறேன். இறந்த பிறகு மறுபிறப்புக்கு முன்புள்ள இடைநிலையில், பார்தோ என்று அவர்கள் சொல்லும் அந்த வெளியில், இதே முகங்கள் எதிரே வரும். இங்கேயே பார்த்துப் பழகியவர்கள் அங்கே பயந்து ஓட மாட்டார்கள், இவை நம்மைக் காக்கும் தெய்வங்கள் என்று அறிந்துகொள்வார்கள். இதுதான் அவருடைய பதில். தம் சாவுக்கான ஆயத்தமாக அந்த முற்றத்தில் அமர்ந்திருக்கிறார் அந்த மூதாட்டி. அவருக்கு முன்னால் முக்காலியை ஊன்றி, ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு, அந்த ஆட்டம் முடியும்வரை நகராமல் நின்றவர் நம்மூர்க் குழு ஒன்றின் வழிநடத்துநர். அபி-லே ஒன்றும் சொல்லவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து பின்னால் போய் நின்றார். லடாக்கிகள் விருந்தினரிடம் முகம் சுளிப்பதில்லை. அந்தப் பண்பை நீங்கள் அனுமதி என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள்.

ஒளிப்படப் பயணம் நடத்துவோர் தயவுசெய்து இந்த ஒன்றைக் கவனித்துப் படிக்க வேண்டும். பெரிய சாம் முகமூடிகளில் ஆடுகிறவரின் கண்கள் முகமூடியின் கண்களுக்கு நேரே இருப்பதில்லை. முகமூடி அவர் தலையைவிடப் பெரியது. துணியைச் சுற்றிக் கட்டிய தலைமேல் அதைப் பொருத்துகிறார்கள். அவர் வெளியே பார்ப்பது பெரும்பாலும் முகமூடியின் வாய்த் திறப்பின் வழியாகத்தான். பக்கவாட்டில் அவருக்கு எதுவும் தெரியாது. காலடிக்கு அருகில் குனிந்து அமர்ந்திருப்பவரும் தெரிய மாட்டார். அதற்காகத்தான் முற்றத்தில் ஆடுவோருக்கென்று எல்லைக் கோடு போட்டிருக்கிறார்கள். தாழ்ந்த கோணத்தில் படம் கம்பீரமாக வரும் என்று நீங்கள் கற்றுக்கொடுத்ததால், உங்கள் மாணவர் ஒருவர் அந்தக் கோட்டைத் தாண்டி மண்டியிட்டு ஊர்ந்து உள்ளே போனார். சுழன்று வந்த துறவியின் கால் அவர் தோள்பட்டையில் இடறியது. கனத்த பட்டு அங்கியோடும் அந்த முகமூடியோடும் அவர் தடுமாறி, ஒரு கையைத் தரையில் ஊன்றி, விழாமல் நின்று, விட்ட அடியிலிருந்து மீண்டும் தொடர்ந்தார். சாட்டையோடு ஒழுங்கு பார்க்கும் துறவி ஓடிவந்து அந்த இளைஞரை அப்புறப்படுத்தினார். அன்று மாலை அந்தப் படம் உங்கள் குழுவின் பக்கத்தில் 'நாளின் சிறந்த படம்' என்று வெளியானது. தடுமாற்றத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

சுற்றுலா ஏற்பாட்டாளர்களில் சிலர், உடன் அழைத்துவருவோருக்கு இந்த முகங்களைப் 'பேய்கள்' என்று விளக்குவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்த முகங்களில் ஒன்றான மகாகாலர் அறத்தைக் காக்கும் தெய்வம். சினந்த முகம் அவருடைய அருளின் ஒரு வடிவம். பேய் என்று சொல்லிக் கூட்டிவந்த குழந்தைகள், அந்த முகமூடி அருகில் வரும்போது ஊளையிட்டுச் சிரிக்கிறார்கள். குழந்தைகளைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆடிமாதத்தில் நம்மூர் அம்மன் கோவிலில் அருள்வந்து ஆடும் ஒரு பெண்ணின் முகத்தருகே, வேற்று மாநிலத்திலிருந்து பேருந்தில் வந்து இறங்கிய ஒருவர் விளக்கொளியைப் பாய்ச்சி, திரும்பு, கேமராவைப் பார் என்று சொன்னால் ஊர் சும்மா இருக்குமா? மறுநாள் காலை வந்து, நேற்று வெளிச்சம் சரியில்லை, இன்னொரு முறை அருள் வரவழைத்துக் காட்டுங்கள் என்று காசை நீட்டினால் என்ன நடக்கும்? உங்கள் அறிவிப்பிலுள்ள 'தனி நடனம்' அதைத்தான் கேட்கிறது. வரவழைத்த தெய்வங்களை வழியனுப்பி, தோர்மாவைக் கொண்டுபோய் எறிந்து, சடங்கை நிறைவு செய்த பின்பு, எந்தப் பூசையின் பகுதியாக மறுநாள் அவர்கள் ஆடுவார்கள்? கட்டாயத்துக்காகவோ கட்டடப் பணிக்கான நன்கொடைக்காகவோ ஒரு மடம் இன்று தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டால், நாளை பருவம் முழுவதும் வாரம் ஒரு குழு அதையே கேட்கும். சடங்கின் நாளும் நேரமும் உங்கள் விமானச் சீட்டுகளுக்கு ஏற்ப நகரத் தொடங்கும்.

அந்த நகர்வு ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் நடந்துவந்த சில மடங்களின் விழாக்கள் கோடைக்கு மாறியிருக்கின்றன. அதற்கு மடங்களுக்கும் அவற்றின் காரணங்கள் உண்டு. வருமானம் வேண்டும், கடுங்குளிரில் வர இயலாத பக்தர்களுக்கு வசதியும் வேண்டும். வேலைக்கும் படிப்புக்கும் வெளியூர் போன இளைஞர்கள் கோடையில்தான் ஊர் திரும்புகிறார்கள். அது அவர்கள் தமக்குள் பேசி எடுத்த முடிவு. அதைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை, விருப்பமும் இல்லை. வெளியார் அழுத்தத்தால் எடுக்கவைக்கப்படும் முடிவைத்தான் எதிர்க்கிறேன்.

'சுற்றுலா இல்லாவிட்டால் இம்மக்கள் என்ன செய்வார்கள்' என்று உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். 1974-இல் லடாக் வெளியாருக்குத் திறந்துவிடப்பட்டபோது, அந்த ஆண்டு வந்தவர்கள் 527 பேர். அவர்களில் இந்தியர் 27 பேர் மட்டுமே. 2022-இல் வந்தோர் எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டியது. பெரும்பான்மையினர் இந்தியர். 2011 கணக்கெடுப்பின்படி லே, கார்கில் மாவட்டங்கள் இரண்டும் சேர்ந்த லடாக்கின் மக்கள்தொகை 2,74,289. தம் எண்ணிக்கையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விருந்தினரை ஒரு சமூகம் ஓராண்டில் ஏற்கிறது. விடுதி, வண்டி, உணவகம் என்று அதில் பிழைப்போர் ஏராளம், என் அண்டை வீட்டுப் பையனும் வண்டிதான் ஓட்டுகிறான். ஆகவே வராதீர்கள் என்று நான் சொல்லவில்லை, மடமும் சொல்லவில்லை. அதன் வாசல் எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. முன்பு வெளிநாட்டார் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பேசிக்கொண்டிருந்தோம். இப்போது அந்த முற்றத்தில் அதிகமாகக் கேட்பது நம் நாட்டு மொழிகள். பொறுப்பும் நம்முடையதாகிவிட்டது.

நீங்கள் வேறிடங்களில் ஒழுங்காக நடக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். பூட்டானுக்கு அழைத்துச் செல்லும்போது, இந்தியருக்கு இரவொன்றுக்கு 1,200 ரூபாய் கட்டணத்தை மறுபேச்சில்லாமல் கட்டுகிறீர்கள், கோவில் கருவறைகளில் கேமராவை உறையிலேயே வைத்திருக்கச் சொல்கிறீர்கள். பாரோ விழாவின் இறுதி நாளில் விடியுமுன் விரித்து, வெயில் படுமுன் சுருட்டிவிடும் பெருந்திரையைக் காண உங்கள் விருந்தினர்கள் நள்ளிரவிலேயே எழுந்து வரிசையில் நிற்கிறார்கள். லடாக்கிலேயே மாத்தோ மடத்தில், நாக்ரங் விழாவின்போது தெய்வம் இறங்கும் இரு துறவிகள் கண்களை மறைத்துக்கொண்டு மதிலின் விளிம்பில் ஓடுகையில் படமெடுக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கிறது. கட்டுப்பாடு இருக்கும் இடத்தில் பணிகிறீர்கள். நம்பி விட்டிருக்கும் இடத்தில் முற்றத்தையே எடுத்துக்கொள்கிறீர்கள். ஹெமிஸும் ஒருநாள் கேமராக்களை முற்றாகத் தடை செய்தால் அதற்குக் காரணம் மடமாக இருக்காது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். லே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஹெமிஸ் அதைவிடச் சற்று மேலே. விமானத்தில் வந்து இறங்கியவர்கள் இரண்டு நாட்களாவது ஓய்வெடுத்த பிறகே வெளியே அலைய வேண்டும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். ஆனால் உங்கள் பயணத்திட்டத்தில் முதல் நாள் விமானம், இரண்டாம் நாள் காலை ஹெமிஸ், பிற்பகலிலேயே பாங்காங் ஏரியை நோக்கிப் புறப்பாடு. அப்படி வந்த ஒரு பெரியவர் முற்றத்தின் வெயிலில் மயங்கி விழுந்தார். கூட்டம் சிதறியது, ஓதிக்கொண்டிருந்த துறவிகளில் இருவர் எழுந்து வந்து அவரைத் தூக்கி நிழலில் கிடத்தித் தண்ணீர் கொடுத்தார்கள். அவரை அழைத்துவந்தவர்கள் அந்த நேரத்தில் வண்டி நிறுத்துமிடத்தில் இருந்தார்கள். அவருடைய மகளுக்குத் தொலைபேசியில் தமிழில் நிலைமையைச் சொல்ல வேண்டிய வேலை எனக்கு வந்தது. அரைநாளில் பார்த்து முடிக்கும் இடமாக ஒரு திருவிழாவை வகுத்தால் உடலுக்கும் ஆபத்து, பார்த்ததும் மனத்தில் தங்காது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவை.

2028 அறிவிப்பிலுள்ள மூன்று உறுதிமொழிகளையும் இந்த மாதமே திரும்பப் பெறுங்கள். அவற்றை நம்பிப் பணம் கட்டியவர்களுக்கு நிலைமையை எழுத்தில் தெரிவித்து, விரும்புவோருக்கு முழுத் தொகையையும் திருப்பிக் கொடுங்கள். தனி நடனம், முகமூடி அறை ஆகிய இரண்டையும் ஹெமிஸில் மட்டுமல்ல, திக்ஸே, ஸ்பிதுக், லிகிர், பியாங் உட்பட எந்த மடத்திலும் கேட்பதில்லை என்று வெளிப்படையாக அறிவியுங்கள். நன்கொடை கொடுப்பதாக இருந்தால் எதையும் கேட்காமல் கொடுங்கள்.

முற்றத்தின் முன்பகுதி உள்ளூர் முதியவர்களுக்கு என்பதை உங்கள் விதியாக எழுதிவையுங்கள். உங்கள் குழுவினர் மேல்மாடத்திலோ பின்வரிசையிலோ, மடத்தார் காட்டும் இடத்தில் அமரட்டும். முக்காலி, ஒளிவிளக்கு, டிரோன் மூன்றும் விடுதியிலேயே இருக்கட்டும். எல்லைப்பகுதியான இங்கே அனுமதியின்றி டிரோன் பறக்கவிடுவது சட்டப்படியும் குற்றம். கோட்டைத் தாண்டுகிற எவரையும், அவர் எவ்வளவு பணம் கட்டியிருந்தாலும், அன்றே வெளியே அழைத்துச் செல்லும் துணிவு உங்கள் வழிநடத்துநருக்கு இருக்க வேண்டும். மாவுருவை அறுக்கும் நேரத்திலும், மக்கள் குருவின் முன் தலைகுனிந்து ஆசி பெறும் நேரத்திலும் ஒரு கேமராவும் உயரக் கூடாது.

விளக்கம் சொல்ல லடாக்கி வழிகாட்டி ஒருவரைக் குழுதோறும் அமர்த்துங்கள். நன்கு படித்த, மடத்தோடு தொடர்புள்ள இளைஞர்கள் லேயில் வேலையின்றி இருக்கிறார்கள். அவர் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை என்றால் நான் வருகிறேன், அதற்கு ஊதியம் வேண்டாம். லடாக்கின் பௌத்த ஓதுமரபை 2012-இல் யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அதைக் கேட்கும் பேறு பெற்ற உங்கள் விருந்தினர்களுக்கு, தாங்கள் என்ன கேட்கிறோம் என்பது தெரிந்திருக்கட்டும். பயணத்திட்டத்தில் லேயில் ஓய்வுக்கு இரண்டு முழு நாட்களையும், விழாவின் இரு நாட்களையும் முழுமையாக ஒதுக்குங்கள். பாங்காங் ஏரி மறுநாளும் அங்கேயே இருக்கும்.

கடைசியாக, 2028 விழாவுக்கு முன்பு உங்களில் பொறுப்பானவர்கள் சிலர் லேவுக்கு வந்து, மடத்தின் நிர்வாகத்தைச் சந்தித்து, எத்தனை பேரை அழைத்துவரலாம், எங்கே அமரலாம், எதைப் படமெடுக்கலாம் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் எண்ணிக்கை உங்கள் முன்பதிவைவிடக் குறைவாக இருந்தால் முன்பதிவைக் குறைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தனியாகப் பதில் எழுத வேண்டியதில்லை. திருத்திய அறிவிப்பைப் பழைய அறிவிப்பு வெளியான அதே இடங்களில், அதே தடித்த எழுத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
லேயில் வாழும் ஒரு தமிழன்